அல்சூர் ஏரிக்கரையில் ஒரு நாழிகை

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

 

பொங்கலை அடுத்து வரும் ஆண்டு விழாவின் தொடக்கத்தில் இலக்கியச் சொற்பொழிவு ஒன்று இருத்தல் வேண்டும் என்பது நம் சங்கத்தின் நெடுநாளைய வழக்கம். கம்பனையும் இளங்கோவையும் கரைத்துக் குடித்த புலவர் பலர் இம்மேடையில் ஏறியிருக்கின்றனர். நான் அவ்வரிசையைச் சேர்ந்தவன் அல்லேன். ஒரு தொழிற்சாலையில் முப்பத்தைந்து ஆண்டுகள் கணக்கு எழுதி வயிறு வளர்த்தவன். ஆதலால் செயலாளர் ஜோகுபாளையத்தில் உள்ள என் இல்லத்துக்கு வந்து, "ஐயா, இவ்வாண்டு தாங்கள்தாம் பேச வேண்டும்" என்றபோது, "எனக்குத் தெரிந்தது அல்சூர் ஏரி ஒன்றுதான்" என்று கூறித் தப்பித்துக்கொள்ளப் பார்த்தேன். அவரோ, "அதையே பேசுங்கள்" என்று சொன்னதோடு நில்லாமல், மறுநாளே அழைப்பிதழில் அச்சிட்டும் விட்டார். ஆகவே, இப்போது நீங்கள் படப்போகும் தொல்லைக்கு அவரே பொறுப்பாளர்.

அல்சூர் ஏரி நம்மில் யாருக்குத் தெரியாது? தெரியும் என்பதுதான் தொல்லை. நாள்தோறும் பேருந்திலிருந்து பார்க்கும் பொருளை நாம் என்றுமே பார்ப்பதில்லை. நான் இவ்வூரில் குடியேறி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அவற்றுள் முதல் முப்பத்து நான்கு ஆண்டுகளில் அவ்வேரியை ஒரு நாளேனும் உண்மையாகப் பார்த்தேனா என்று கேட்டால், இல்லை என்றே சொல்ல வேண்டும்.

இப்போது நாள்தோறும் போகிறேன். விடியற்காலை ஐந்தரை மணிக்கு வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு புறப்படுவேன். பழைய மதராஸ் சாலையை அடைந்தால் தலைக்கு மேலே மெட்ரோ பாலம். 2011-ஆம் ஆண்டு அக்டோபரில் முதல் வண்டி ஓடியபோது நாமெல்லாம் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போய் ஏறி வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அப்பாலத்தைக் கடந்து, அல்சூர்க் கடைத்தெருவில் பூக்கட்டும் பெண்டிர் கூடைகளை இறக்கும் வேளையில் அவர்களைத் தாண்டி, சோமேசுவரர் கோயில் கோபுரத்தை நோக்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஏரிக்கரையை அடைவேன். கரையருகே திருவள்ளுவர் அமர்ந்திருக்கிறார். 1991-ஆம் ஆண்டிலேயே வந்து சேர்ந்தும் திறப்பு விழா நடவாமல் பதினெட்டு ஆண்டுகள் திரைக்குள்ளேயே இருந்து, 2009-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9-ஆம் நாள் வெளிச்சம் கண்டவர். நான்கு நாட்கள் கழித்துச் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலையும் திறக்கப்பெற்றது. அண்டை வீட்டார் இருவர் கிண்ணம் மாற்றிக்கொண்டது போன்ற நிகழ்ச்சி அது.

ஏரி ஏறத்தாழ 50 ஹெக்டேர் பரப்புடையது. நடுவே மரம் அடர்ந்த சிறு தீவுகள் சில உண்டு. கெம்பெ கௌடர் மரபினர் காலத்தில் தோன்றியது என்பர். ஒரு கரையில் மதராஸ் சாப்பர்கள் எனப்படும் பொறியாளர் படையின் பாசறை. 1780-ஆம் ஆண்டில் தோன்றிய அப்படை 1834 முதல் பெங்களூரில் நிலைகொண்டிருக்கிறது. அதன் வீரர்களுக்குப் படைத்துறையில் வழங்கும் செல்லப்பெயர் 'தம்பி' என்பதாகும். அந்தத் தம்பிகளையும், 1809-ஆம் ஆண்டையொட்டி இங்கு அமைந்த தண்டுப் பாளையத்தையும் பின்தொடர்ந்தே ஆர்க்காட்டுச் சீமையிலிருந்தும் செங்கற்பட்டுப் பக்கத்திலிருந்தும் நம்மவர் மூட்டை முடிச்சுகளோடு வந்து அல்சூரைச் சூழக் குடியேறினர். ஆகவே இவ்வேரி நமக்குப் பிறந்தகம் ஆகாவிட்டாலும், புக்ககத்துக் கிணற்றடி போன்றது.

அத்தீவுகளில்தான் நான் சொல்ல வந்த குடிமக்கள் வாழ்கின்றனர். முதலில் நீர்க்காகம். கரிய மேனி; நீரில் மூழ்கி மீனைத் துரத்தும்; பின் கிளையில் ஏறி இரு சிறகுகளையும் விரித்து, வெயிலில் ஈரத்துணி காயவைப்பது போல நின்றுகொண்டிருக்கும். மற்ற நீர்ப்பறவைகள் பலவற்றின் இறகு நனைவதில்லை. இதன் இறகோ ஓரளவு நனையும். இஃது இயற்கை செய்த பிழை என்று நான் எண்ணியிருந்தேன். பிழையன்று, நனைந்த இறகு மிதப்பைக் குறைப்பதால் ஆழ மூழ்குவது அதற்கு எளிதாகிறது. அடுத்து நாமக்கோழி. கரிய உடலும் நெற்றியில் தூய வெள்ளைப் பட்டையுமாக நீரில் நீந்தும் இப்பறவைக்கு நம் முன்னோர் இட்ட பெயரை எண்ணும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். நாமம் இட்ட வைணவர்! கூழைக்கடா வரும் நாட்களும் உண்டு. தாடைக்குக் கீழே பை தொங்க, பெரிய உடலைத் தூக்கிக்கொண்டு அது நீரில் வந்திறங்கும் காட்சி, கனத்த மனிதர் ஒருவர் பந்தியில் அமர்வதை ஒக்கும். அந்தி மயங்கும் நேரத்தில் மற்றப் பறவைகள் எல்லாம் கூடு திரும்ப, வக்கா மட்டும் அப்போதுதான் சோம்பல் முறித்துக்கொண்டு வேலைக்குப் புறப்படும். இரவுப் பணி பார்த்த தொழிலாளர் பலர் இங்கு அமர்ந்திருக்கிறீர்கள். அதன் துன்பம் உங்களுக்குத் தெரியும்.

இவ்வேரி சட்டப்படி பறவைகள் சரணாலயம் அன்று. அப்பெருமை நம் நகரின் வடபால் எலகங்கா அருகே உள்ள புட்டேனஹள்ளி ஏரிக்கு உண்டு. 2015-ஆம் ஆண்டில் அது பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பெற்றது. ஆயினும் பறவைகள் அரசாணையைப் படித்துவிட்டு வருவன அல்லவே! தீவும் மரமும் மீனும் இருந்தால் வரும். தொல்லை இருந்தால் போய்விடும். அவற்றின் சட்டப் புத்தகத்தில் பிரிவுகள் இவ்வளவே.

நான் ஏன் போகத் தொடங்கினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆறாண்டுகளுக்கு முன் என் மனைவி காலமானார். உங்களில் பலர் வந்திருந்தீர்கள். பல நாள் சோறு கொடுத்தனுப்பினீர்கள். அந்நன்றியை நான் மறவேன். பத்தாம் நாள் கடந்தது; மக்கள் தத்தம் ஊர் திரும்பினர். அதன்பின் என் வீட்டில் ஓர் அமைதி வந்து குடியேறிற்று. அமைதியைத் தேடி மலைக்கும் மடத்துக்கும் போவோர் உண்டு. எனக்கோ வீட்டுக்குள் இருந்த அமைதியிலிருந்து தப்பி ஓட வேண்டியிருந்தது. சமையலறையில் பாத்திரம் உருளும் ஒலி இல்லை, "என்னங்க, பால்காரர் வந்தாரா?" என்ற குரல் இல்லை. அவ்வாறு ஓடியவனின் கால்கள் போய் நின்ற இடம் ஏரிக்கரை.

அங்கு அமைதியா இருந்தது? இல்லை, பெரியோர்களே! விடியற்காலையில் அத்தீவுகளில் எழும் ஆரவாரத்தைக் கேட்டவர்கள் அறிவர். கூச்சலும் சண்டையும் சிறகடிப்பும் கலந்த கடைத்தெரு அது. ஆனால் அவ்வொலியில் என்னை நோக்கி வருவது ஒன்றும் இல்லை. என்னிடம் துக்கம் விசாரிப்பாரும் இல்லை, ஆறுதல் சொல்வாரும் இல்லை. ஓர் உலகம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க, அதன் ஓரத்தில் எனக்கு ஒரு கல் பலகை கிடைத்தது. அதில் ஒரு நாழிகை அமர்ந்திருப்பேன். அவ்வொரு நாழிகையில் என் மனைவியைப் பற்றி அழாமல் எண்ண முடிந்தது. பிற இடங்களில் அது முடிந்ததில்லை.

மனிதனுக்கு மட்டுமன்று, பறவைக்கும் பட்டணத்து இரைச்சல் பெருஞ்சுமை என்பதைப் பிற்பாடு அறிந்தேன். நெதர்லாந்து நாட்டு லெய்டன் நகரில் வாழும் ஒருவகைச் சிட்டுகளை ஆராய்ந்த அறிஞர் இருவர், இரைச்சல் மிகுந்த தெருக்களில் வாழ்பவை தம் குரலைக் கீழ்ச்சுருதியில் பாடாமல் மேலே ஏற்றிப் பாடுகின்றன என்று 2003-ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். வண்டிகளின் உறுமல் கீழ்ச்சுருதியில் இருப்பதால், அதனுள் தம் குரல் மூழ்கிவிடாதிருக்க இந்த ஏற்பாடு. பின்னர் 2020-ஆம் ஆண்டில், கொள்ளை நோயால் ஊரடங்கியபோது, அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் வேறோர் ஆய்வு நடந்தது. தெருக்களின் இரைச்சல் 1950-களின் நடுவில் இருந்த அளவுக்கு இறங்கிவிட்டது. அங்குள்ள வெண்கோட்டுத் தலைச் சிட்டுகள் உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டு மென்மையாகப் பாடின. மென்மையாகப் பாடியும் அவற்றின் பாட்டு முன்னைக் காட்டிலும் இரு மடங்குத் தொலைவுக்குக் கேட்டது. அதுவரை அவை கத்திக்கொண்டுதான் இருந்தன என்பது அன்று தெரிந்தது. அவ்வூரடங்கின் நாட்களில் நம் ஜோகுபாளையத்துத் தெருவிலும் குயிலின் குரல் நண்பகலில் கேட்டதை நீங்களும் நினைவுகூர்வீர்கள். குயில் புதிதாக வரவில்லை. நாம் சற்று வாய் மூடியிருந்தோம்.

இனி, இம்மேடையில் நான் சொல்லத் தயங்கிய செய்திக்கு வருகிறேன்.

என் மனைவி மதுராந்தகத்துக்கு அப்பால் உள்ள ஒரு சிற்றூரில் பிறந்தவர். வேடந்தாங்கல் அங்கிருந்து நடந்து போகும் தொலைவு. செங்கற்பட்டுச் சீமையின் அவ்வேரியை அறியாத தமிழர் இரார். 30 ஹெக்டேர் அளவேயுள்ள சிறிய ஏரி; நீருக்குள் நிற்கும் கடப்ப மரங்கள். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பியதும் நத்தைகுத்தி நாரையும், கரண்டிவாயனும், அரிவாள் மூக்கனும், பாம்புத்தாராவும், வக்காவும் ஆயிரக்கணக்கில் வந்து, அம்மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்து, கோடை தொடங்கும் வேளையில் அகலும். இந்தியாவின் மிகப் பழைய பறவைக் காப்பிடங்களுள் அஃது ஒன்று. ஆங்கிலப் படையினர் அங்கு வந்து பறவைகளைச் சுட்டபோது, அவ்வூர் மக்கள் ஆட்சியரிடம் சென்று முறையிட்டு, 1798-ஆம் ஆண்டில் பறவைகளைக் காக்கும் ஆணையைப் பெற்றனர் என்பது வரலாறு. அப்போது ஆட்சியராக இருந்தவர் லயனல் பிளேஸ். 1858-இல் அவ்வுரிமை புதுப்பிக்கப்பெற்றது. 1936-இல் அரசினரின் சரணாலயமாயிற்று. 2022-இல் பன்னாட்டு ஈரநிலப் பட்டியலான ராம்சார் பட்டியலிலும் இடம் பெற்றது.

எண்ணிப் பாருங்கள். படிப்பறியாத உழவர்கள், துப்பாக்கி ஏந்திய வெள்ளையனை எதிர்த்து, நாரைக்காகக் கச்சேரி வாயில் ஏறியிருக்கின்றனர். அவர்களுக்கு இதில் ஆதாயமும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. மரத்திலிருந்து விழும் எச்சம் நீரில் கரைகிறது, தழைச்சத்து மிகுந்த அந்நீர் வயலுக்குப் பாய்கிறது, பயிர் செழிக்கிறது. உரம் வாங்கும் செலவு குறைகிறது. அருளும் பொருளும் ஒரே மடைவழி பாய்ந்த ஊர் அது. ஆதாயம் கலந்த அன்பு தாழ்ந்தது என்று சிலர் சொல்லலாம். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்த அன்பு வேறு எது என்று நான் அவர்களைக் கேட்பேன்.

அப்பகுதி மக்கள் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. கூட்டில் குஞ்சு இருக்கும், அல்லது கூடு கட்ட இடம் பார்த்துக்கொண்டிருக்கும் என்பது காரணம். என் மனைவி அங்கு வளர்ந்தவர். மணமாகி இங்கு வந்த முதல் தீபாவளியில், சரவெடிச் சத்தத்தைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டு, "இங்கே பறவையே இல்லையா?" என்று கேட்டார். நான் சிரித்தேன்.

பல்லாண்டுகளுக்குப் பின், நம் சங்கத்தின் செயலாளராக நான் இருந்த ஆண்டில், இதே மைதானத்தில் நம் விழா நடந்தது. இங்கிருந்து ஏரிக்கரை கூப்பிடு தொலைவு. விழா முடிவில் வெடி வெடித்தல் நம் வழக்கம். அவ்வாண்டு முந்தைய ஆண்டுகளை விஞ்ச வேண்டும் என்ற ஆசையில், பத்தாயிரம் வெடி கொண்ட சரம் ஒன்றை நானே சென்று வாங்கி வந்தேன். இரவு ஒன்பது மணிக்கு அதை ஏரியை ஒட்டிய சாலையில் விரித்து நெருப்பு வைத்தோம். நீங்கள் கைதட்டினீர்கள். புகை அடங்கியபின் மேலே ஏதோ ஒலி. தீவுகளில் உறங்கிக்கொண்டிருந்த பறவைகள் அனைத்தும் எழுந்து இருட்டில் சுற்றிக்கொண்டிருந்தன. எங்கும் கரிய நிழல்கள், ஒன்றும் கீழிறங்கவில்லை. பகற்பறவைகள் அவை, இருளில் கிளை எது, கம்பி எது என்று எவ்வாறு அறியும்? நான் அண்ணாந்து பார்த்துவிட்டு, நாற்காலிகளை எண்ணப் போய்விட்டேன். வாடகை நாற்காலிகள், கணக்கு ஒப்படைக்க வேண்டுமல்லவா?

மறுநாட் காலையில் மைதானத்தைத் துப்புரவு செய்ய நானும் மனைவியும் வந்தோம். கரையோரத்தில், மின்கம்பிக்குக் கீழே, நீர்க்காகம் ஒன்று ஒரு சிறகை இழுத்தபடி புல்லில் கிடந்தது. அவர் அதைத் தம் முந்தானையில் ஏந்திக்கொண்டார். வீட்டுக்குக் கொண்டுவந்து அட்டைப் பெட்டியில் வைத்து, யாரிடம் காட்டுவது என்று நான் தொலைபேசியில் விசாரித்துக்கொண்டிருக்கும்போதே, நண்பகலுக்குள் அஃது இறந்தது. கொல்லைப்புறத்து முருங்கையடியில் புதைத்தோம்.

"எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகள்கூட வெடி கேட்க மாட்டார்கள், மத்தாப்பே போதும் என்பார்கள்" என்றார் அவர்.

"அது கிராமம், இது பட்டணம். பறவைக்காகவா நாம் விழா நடத்துகிறோம்?" என்றேன் நான்.

அவர் விடை சொல்லவில்லை. மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அதன்பின் நம் விழாக்களில் அவர் கடைசி வரை இருந்ததில்லை. "தலைவலி" என்று சொல்லி எட்டரை மணிக்கே எழுந்து போய்விடுவார். பெண்டிர் பலர் இதைக் கவனித்து என்னிடம் கேட்டதுண்டு. தலைவலிதான் என்று நானும் சொல்லிவந்தேன்.

அச்சிறகு கம்பியில் பட்டு முறிந்ததா, வேறெதனாலா என்று என்னால் உறுதி கூற இயலாது. ஆனால் முந்தைய இரவு ஒன்பது மணி வரை அது தன் கிளையில் உறங்கிக்கொண்டிருந்தது. அதை எழுப்பியவன் நான்.

அவர் மறைந்த அடுத்த தை மாதத்தில் பேரனை அழைத்துக்கொண்டு வேடந்தாங்கல் சென்றேன். கரைமேல் உள்ள காட்சிக் கோபுரத்தில் ஏறி நின்றோம். பேரன் இருநோக்கியை என்னிடம் தரவே இல்லை. கரையில் இளநீர் விற்ற முதியவரிடம், "தீபாவளிக்குக்கூட வெடிப்பதில்லையாமே, பிள்ளைகளுக்கு ஏக்கமாக இராதா?" என்று கேட்டேன். அவர் என்னை விந்தையாகப் பார்த்து, "வீட்டில் பிள்ளை பெற்றவள் இருந்தால் நீங்கள் வாசலில் வெடிப்பீர்களா?" என்றார்.

இதே சொல்லைக் கன்னட நாட்டிலும் கேட்கலாம். மண்டியா மாவட்டத்து மத்தூருக்கு அண்மையில் கொக்கரெ பெள்ளூர் என்று ஓர் ஊர். பெயரிலேயே கொக்கு இருக்கிறது. அங்குச் சங்குவளை நாரையும் கூழைக்கடாவும் ஏரியில் அன்று, வீட்டு முற்றத்துப் புளிய மரத்திலும் ஆல மரத்திலும் கூடு கட்டும். எச்சம் கூரைமேல் விழும். மீன் நாற்றம் மூக்கைத் துளைக்கும். ஊரார் முகம் சுளிப்பதில்லை. பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வந்த மகள்கள் என்று அப்பறவைகளைச் சொல்வர். மொழி வேறாயினும் இரண்டு ஊராரும் ஒரே உவமையைக் கண்டடைந்திருக்கின்றனர். மைசூர் அரசில் பறவைகளைக் கணக்கெடுத்த சலீம் அலி, காவிரி ஆற்றுத் திட்டுகளில் அவை கூடு கட்டுவதைக் கண்டு மன்னரிடம் எடுத்துச் சொல்ல, 1940-ஆம் ஆண்டில் ரங்கனதிட்டு சரணாலயமாயிற்று. அங்கு மன்னரின் ஆணை தேவைப்பட்டது. கொக்கரெ பெள்ளூருக்கோ ஊராரின் மனமே முதலில் ஆணையாயிற்று.

என் குற்றப்பட்டியல் இன்னும் முடியவில்லை. மனைவி மறைந்தபின் ஏரிக்கரைக்குச் சென்ற முதல் ஈராண்டுகளில், நாள்தோறும் ஒரு பொட்டலம் பொரி வாங்கிச் சென்று நீரில் இறைத்து வந்தேன். மீன்கள் மொய்க்கும், மனம் குளிரும், அவர் பெயரால் செய்யும் அறம் என்று எண்ணிக்கொள்வேன். ஒரு நாள், கையில் குறிப்பேடும் கழுத்தில் இருநோக்கியுமாக நின்ற கல்லூரி மாணவி ஒருத்தி என்னிடம் வந்து, கன்னடத்தில், "தாத்தா, தவறாக எண்ணாதீர்கள், பொரி போடாதீர்கள்" என்றாள். தாத்தா என்ற சொல் இரு மொழியிலும் ஏறத்தாழ ஒன்றே என்பதால் சினம் பாதி தணிந்தது. மீதிச் சினத்தோடு, "உயிர்களுக்கு உணவிடுவது பாவமா?" என்று கேட்டேன். அவள் வாதாடவில்லை, கரையோரத்தைக் காட்டினாள். உண்ணப்படாத பொரி ஊறி, நாறி, பச்சைப் பாசியோடு ஓர் ஆடைபோல் ஒதுங்கிக் கிடந்தது.

பின்பு அவள் விளக்கியதை நான் கணக்கர் மொழியில் சொல்கிறேன். வேடந்தாங்கலில் எச்சம் விழுகிறது. நீர் வயலுக்குப் போகிறது. வரவும் செலவும் நேராகின்றன. நம் ஏரியில் வரவு மட்டுமே உண்டு. சூழ்ந்துள்ள தெருக்களின் கழிவு வருகிறது, பூசைப் பொருள் வருகிறது, என் பொரியும் வருகிறது; எடுத்துச் செல்ல வயல் இல்லை. சத்து மிகுந்த நீரில் பாசி பெருகுகிறது. பகலில் அப்பாசி உயிர்வளியை வெளிவிடும். இரவிலோ தானே அதை உண்ணும். அழுகும் பொருள்களும் தம் பங்குக்கு உண்ணும். விடியும் வேளையில் மீனுக்கு மூச்சுவிட வளி இராது. 2016-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இவ்வேரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்ததை நம்மில் பலர் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தோம். நீரில் உயிர்வளி குறைந்ததும் கழிவுநீர் கலந்ததுமே காரணம் எனப்பட்டது. வேடந்தாங்கலில் பொன் விளைவிக்கும் அதே தழைச்சத்து இங்கு நஞ்சாகிறது. என் ஒரு பொட்டலத்தால் மீன் செத்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கு எழுதினவனுக்குத் தெரியும். பேரேட்டில் சிறு தொகை என்று தனியே ஒன்றும் இல்லை.

பொரியை நிறுத்தினேன். கை சும்மா இருக்க மாட்டாமல் தவித்தது. அம்மாணவி ஒரு வேலை கொடுத்தாள்: எண்ணச் சொன்னாள். தமிழ்நாட்டில் 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. எந்த இடத்திலேனும் கால் மணி நேரம் நின்று, கண்ட பறவைகளையும் அவற்றின் எண்ணிக்கையையும் குறித்து அனுப்பினால் போதும். பள்ளிப் பிள்ளைகளும் செய்கின்றனர். ஊர் மாறி வந்தவன் பொங்கலை மட்டும் கொண்டுவந்தால் போதுமா என்று நானும் பேரனும் இங்கேயே எண்ணத் தொடங்கினோம். முதல் நாள் நான் நீர்க்காகம் முப்பது என்றேன். அவன் நாற்பத்தொன்று என்றான். அவனே சரி. எண்ணத் தொடங்கியபின் ஒன்று புரிந்தது. இத்தனை நாள் கல் பலகையில் அமர்ந்து நான் பார்த்துக்கொண்டிருந்தது என் துயரத்தைத்தான். பறவைகளை அப்போதுதான் பார்த்தேன். துயரம் போய்விடவில்லை. அதற்குப் பக்கத்தில் வேறொன்றுக்கும் இடம் உண்டாயிற்று.

சத்திமுற்றப் புலவரை நீங்கள் அறிவீர்கள். வறுமையால் ஊரை விட்டு மதுரைக்கு வந்து, குளிரில் நடுங்கிக் கிடந்தபோது, வானில் பறந்த நாரையை விளித்துத் தம் மனைவிக்குச் செய்தி சொல்லி அனுப்பினார். தென்கடல் வரை சென்று வடக்கே மீளும் அப்பறவையின் வழி அவருக்குத் தெரிந்திருந்தது. பிழைக்க வந்த ஊரில், தன் ஊரின் திசையில் போகும் பறவையை நிமிர்ந்து பார்க்கும் ஒருவரின் பாட்டு அது. பிழைக்க வந்தவர்களாகிய நமக்கு அவர் மூத்தவர். எனக்கும் ஒரு செய்தி அனுப்ப வேண்டியிருக்கிறது. கொண்டு செல்லும் நாரை ஏதும் இராது என்பதால், அதை உங்கள் முன்னிலையில் சொல்கிறேன். செயலாளராக இருந்த ஆண்டில் நான் சொன்ன விடை தவறு. அவர் தலைவலி என்று சொல்லி எழுந்து சென்றது தலைவலியால் அன்று.

செயற்குழுவினரே, இன்றைய நிகழ்ச்சி நிரலின் கடைசி வரியில் 'வாண வேடிக்கை' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். மேடைக்குப் பின்னால் பெட்டிகள் இறங்கியிருப்பதையும் பார்த்தேன். அவற்றின் விலை எனக்குத் தெரியும். பொருளாளரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அத்தொகையை இன்று காலையில் சங்கக் கணக்கில் செலுத்திவிட்டேன், இதோ பற்றுச்சீட்டு. ஆகவே சங்கத்துக்கு இழப்பு இல்லை. பெட்டிகளைக் கொளுத்துவதா, கடைக்குத் திருப்புவதா என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் நீங்கள். பிள்ளைகளுக்கென்று இரண்டு பை நிறைய மத்தாப்பு கொண்டுவந்திருக்கிறேன். அதில் ஓசை இல்லை. புகை உண்டு, அதையும் மறைக்கவில்லை. ஆதலால் கரையை விட்டுத் தள்ளி, மைதானத்தின் தென்கோடியில் வைத்துக் கொளுத்தட்டும்.

மணி ஆறாகப் போகிறது. இன்னும் சிறிது நேரத்தில் நீர்க்காகங்கள் தீவுக்குத் திரும்பத் தொடங்கும். ஒலிபெருக்கி வைத்திருக்கும் தம்பி, ஏரிப் பக்கம் பார்த்திருக்கும் அந்த இரண்டு பெட்டிகளை மட்டும் நிறுத்திவிட்டால் நலம். அடுத்து நடனமாடவிருக்கும் குழந்தைகளுக்கு இந்தப் பக்கத்துப் பெட்டியே போதும்.